பியூஸ் காப்பது கம்பியையே!

இன்று மின்சாரம் இல்லாத உழவர் இல்லத்தைக் காண்பது அரிது. ஒரு காலத்தில் இரண்டு விளக்குகளும் ஒரு வானொலிப் பெட்டியும் மட்டுமே இருந்த வீடுகளில் இப்போது மிக்சி, கிரைண்டர், குளிர்பதனப் பெட்டி, இண்டக்‌ஷன் அடுப்பு, வெந்நீர்க் கருவி எனப் பலவும் இடம் பெற்றுள்ளன. மாட்டுக் கொட்டகையில் ஒற்றை விளக்கு எரிந்த இடத்தில் தீவனம் நறுக்கும் இயந்திரமும் கறவை இயந்திரமும் ஓடுகின்றன. ஆனால், சாதனங்கள் பெருகிய அளவுக்குச் சுவருக்குள்ளும் கூரைக்கடியிலும் ஓடும் மின்கம்பிகள் மாற்றப்படவில்லை. விளக்குக்கென்று இழுத்த கம்பியே இன்று மோட்டாரையும் சுமக்கிறது.

பயிரைப் பற்றி எழுத வேண்டியவர் மின்கம்பியைப் பற்றி எழுதுவானேன் என்று உழவர் பெருமக்கள் கேட்கலாம். அதற்கு எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே காரணமாகும்.

எங்கள் வீட்டிலிருந்து அறுபது மீட்டர் தள்ளித் தென்னங்கீற்று வேய்ந்த மாட்டுக் கொட்டகை இருந்தது. பாட்டனார் காலத்தில் ஒரு விளக்குக்காக 1/18 கம்பி இழுக்கப்பட்டிருந்தது. 2016-ஆம் ஆண்டில் 2 குதிரைத் திறன் கொண்ட தீவனம் நறுக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி, அதே கம்பியில் இணைத்தோம். தொடக்கத்திலிருந்தே பியூஸ் அடிக்கடி உருகியது. ஒரு நாள் மாலை என் தந்தையார் சலிப்புற்று, பியூஸ் கட்டையில் வீட்டுக் கம்பித் துண்டு ஒன்றையே முறுக்கிப் போட்டார். அப்போது அருகில் நின்று டார்ச் விளக்கைப் பிடித்தவன் நான்தான். முதுநிலைப் பட்டம் பெற்ற எனக்கும் அதில் தவறு ஒன்றும் தோன்றவில்லை. அதன் பிறகு பியூஸ் உருகவே இல்லை. சிக்கல் தீர்ந்தது என்றே எண்ணினோம்.

மூன்று வாரங்கள் சென்றிருக்கும். சோளத்தட்டு நறுக்கிக் கொண்டிருந்தபோது கூரைக்கடியில் ரப்பர் கருகும் வாடை வீசியது. பார்ப்பதற்குள் கீற்றில் தீப்பற்றிவிட்டது. தாயார் ஓடிச் சென்று மெயின் சுவிட்சை அணைத்தார். மாடுகளை அவிழ்த்து விட முடிந்தது. உள் மூலையில் கட்டியிருந்த ஒரு கன்றைக் காப்பாற்ற முடியவில்லை. மறுநாள் காலை பியூஸ் கட்டையைக் கழற்றிப் பார்த்தோம். கொட்டகை எரிந்து போயிருந்தது. பியூஸ் கம்பி அப்படியே இருந்தது.

இத்தகைய இழப்பு வேறு எந்த உழவர் வீட்டிலும் நேரக் கூடாது. கம்பி, பியூஸ், மின்பளு ஆகிய மூன்றுக்கும் உள்ள பொருத்தத்தை அறிந்துகொண்டால் இதனைத் தவிர்க்கலாம்.

கம்பி ஏன் சூடாகிறது?

மின்சாரம் ஓடும் எந்தக் கம்பியும் ஓரளவு சூடாகும். மெல்லிய கம்பி மிகுதியாகவும், பருமனான கம்பி குறைவாகவும் சூடாகும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் உண்டாகும் வெப்பம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. மின்னோட்டம் மூன்று மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்காகிறது.

வீட்டுக் கம்பிகளின் மேல் உள்ள சாதாரண பி.வி.சி. உறை, 70 டிகிரி செல்சியஸ் வரையே நெடுங்காலம் தாங்கவல்லது. அதற்கு மேல் சூடேறினால் உறை அன்றே எரிந்து விடுவதில்லை. மெல்ல மெல்ல இறுகி, வெடித்து, உதிரத் தொடங்குகிறது. கம்பி உடனே எரியாததே நம்மை ஏமாற்றுகிறது. 'இத்தனை நாள் ஓடியதே' என்று நாம் எண்ணும்போது, சுவருக்குள் கம்பி கெட்டுக் கொண்டே வருகிறது.

பியூஸின் வேலை என்ன?

பியூஸ் இருப்பது மிக்சியையும் மோட்டாரையும் காப்பதற்காக என்று பலரும் நினைக்கிறார்கள். இது தவறு. பியூஸ் காப்பது முதன்மையாகக் கம்பியையே ஆகும்.

ஏரிக்குக் கலிங்கு எப்படியோ அப்படியே கம்பிக்குப் பியூஸ். ஏரியின் கரை எவ்வளவு நீரைத் தாங்கும் என்று பார்த்து, அதற்குக் கீழான மட்டத்தில் கலிங்கை அமைத்தார்கள் நம் முன்னோர். கூடுதல் நீர் வேண்டும் என்று கலிங்கின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கினால் நீர் தேங்கும். ஆனால் கரை உடையும். பருமனான பியூஸ் கம்பி போடுவதும் கலிங்கின் மேல் மூட்டை அடுக்குவதும் ஒன்றே. எனவே பியூஸின் அளவை முடிவு செய்ய வேண்டியது சாதனம் அன்று. அதற்குப் பின்னால் ஓடும் கம்பியேயாகும்.

நினைவில் கொள்ள வேண்டிய விதி இதுதான்: சாதனங்கள் இழுக்கும் மின்னோட்டத்தை விடப் பியூஸின் அளவு குறையக் கூடாது, பியூஸின் அளவு கம்பி தாங்கும் அளவை விட மிகக் கூடாது. முதலில் பளு, அதற்கு மேல் பியூஸ், அதற்கும் மேல் கம்பி என்ற வரிசை மாறவே கூடாது.

முதலாவது: மின்பளுவைக் கணக்கிடுதல்

ஒவ்வொரு சாதனத்தின் மேலும் அதன் வாட் அளவு குறிக்கப்பட்டிருக்கும். அதனை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். சில சாதனங்கள் இழுக்கும் மின்னோட்டம் தோராயமாகக் கீழே தரப்பட்டுள்ளது.

எல்.இ.டி. விளக்கு (9 வாட்) – 0.04 ஆம்பியர்
மின்விசிறி (75 வாட்) – 0.3 ஆம்பியர்
குளிர்பதனப் பெட்டி (200 வாட்) – 0.9 ஆம்பியர்
மிக்சி (750 வாட்) – 3.3 ஆம்பியர்
இஸ்திரிப் பெட்டி (1,000 வாட்) – 4.3 ஆம்பியர்
வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் (1,500 வாட்) – 6.5 ஆம்பியர்
இண்டக்‌ஷன் அடுப்பு (2,000 வாட்) – 8.7 ஆம்பியர்
கீசர் (2,000 வாட்) – 8.7 ஆம்பியர்

மோட்டார்களுக்கு இக்கணக்கு மட்டும் போதாது. குதிரைத் திறன் என்பது மோட்டார் வெளியே தரும் ஆற்றல். உள்ளே இழுப்பது அதனினும் கூடுதல். ஆகவே மோட்டாரின் பெயர்த் தகட்டில் உள்ள ஆம்பியர் அளவையே பார்க்க வேண்டும். ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் 1 குதிரைத் திறன் மோட்டார் 6 முதல் 7 ஆம்பியர் வரையிலும், 2 குதிரைத் திறன் மோட்டார் ஏறத்தாழ 12 ஆம்பியரும் இழுக்கும். தட்டுக் கற்றை சிக்கி மோட்டார் திணறும்போது இது இரண்டு மடங்குக்கும் மேலாக உயரலாம்.

இரண்டாவது: கம்பி தாங்கும் அளவு

கம்பியின் பருமன் சதுர மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது. செப்புக் கம்பிகள் சுவரின் மேல் பொருத்திய குழாயில் ஓடும்போது, சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரியாக உள்ள நிலையில் தாங்கும் அளவும், அவற்றுக்குப் பொருத்தமான பியூஸ் அளவும் பின்வருமாறு:

1.0 ச.மி.மீ. – தாங்கும் அளவு 11 ஆம்பியர், பியூஸ் கம்பி 5 ஆம்பியர், எம்.சி.பி. 6 ஆம்பியர்
1.5 ச.மி.மீ. – தாங்கும் அளவு 15 ஆம்பியர், பியூஸ் கம்பி 10 ஆம்பியர், எம்.சி.பி. 10 ஆம்பியர்
2.5 ச.மி.மீ. – தாங்கும் அளவு 20 ஆம்பியர், பியூஸ் கம்பி 15 ஆம்பியர், எம்.சி.பி. 16 ஆம்பியர்
4.0 ச.மி.மீ. – தாங்கும் அளவு 27 ஆம்பியர், பியூஸ் கம்பி 20 ஆம்பியர், எம்.சி.பி. 25 ஆம்பியர்
6.0 ச.மி.மீ. – தாங்கும் அளவு 35 ஆம்பியர், பியூஸ் கம்பி 25 ஆம்பியர், எம்.சி.பி. 32 ஆம்பியர்

பழைய வீடுகளில் உள்ள 1/18 கம்பி ஏறத்தாழ 1.2 ச.மி.மீ. பருமனும், 3/20 கம்பி ஏறத்தாழ 2 ச.மி.மீ. பருமனும், 7/20 கம்பி ஏறத்தாழ 4.6 ச.மி.மீ. பருமனும் உடையவை. இவை மேலே கண்ட அளவுகளுக்கு இடைப்பட்டு இருப்பதால், அடுத்த சிறிய அளவுக்கு உரிய பியூஸையே போட வேண்டும். அலுமினியக் கம்பியாயின் அதே பருமனுள்ள செப்புக் கம்பி தாங்குவதில் ஏறத்தாழ முக்கால் பங்கையே தாங்கும்.

தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் அடியில் கோடைக் காலத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். அங்குக் கம்பி தாங்கும் அளவு மேலும் குறையும். ஒரே குழாயில் இரண்டு மின்சுற்றுகளின் கம்பிகளைச் செலுத்தினால் தாங்கும் அளவு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மூன்று மின்சுற்றுகளாயின் பத்தில் மூன்று பங்கு குறைகிறது. இத்தகைய இடங்களில் ஒரு படி பருமனான கம்பியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மூன்றாவது: பியூஸ்

பீஸ் கட்டையில் போடும் கம்பிக்கும் எம்.சி.பி.க்கும் வேறுபாடு உண்டு. 10 ஆம்பியர் பியூஸ் கம்பி 11 ஆம்பியரில் உருகிவிடாது. அது உருகுவதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்னோட்டம் தேவைப்படும். எம்.சி.பி. இதைவிடக் கூர்மையானது. குறித்த அளவைப் போல் 1.45 மடங்கு மின்னோட்டம் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்துவிட வேண்டும் என்பது அதன் தர விதி. இதனால்தான் மேலே உள்ள பட்டியலில், பியூஸ் கம்பிக்குக் கம்பி தாங்கும் அளவில் முக்கால் பங்குக்கு மேற்படாத அளவு தரப்பட்டுள்ளது.

பியூஸுக்கென்று விற்கப்படும் ஈயம் பூசிய செப்புக் கம்பியின் விட்டம் கீழ்க்கண்டவாறு அமைய வேண்டும்.

5 ஆம்பியர் – 0.20 மி.மீ.
10 ஆம்பியர் – 0.35 மி.மீ.
15 ஆம்பியர் – 0.50 மி.மீ.
20 ஆம்பியர் – 0.60 மி.மீ.
30 ஆம்பியர் – 0.85 மி.மீ.
45 ஆம்பியர் – 1.25 மி.மீ.

இப்பட்டியலின் கடைசி வரியைக் கூர்ந்து நோக்குங்கள். 1/18 வீட்டுக் கம்பியின் விட்டம் 1.22 மி.மீ. ஆகும். அதாவது அந்தக் கம்பித் துண்டைப் பியூஸாகப் போட்டால் அது ஏறத்தாழ 45 ஆம்பியர் பியூஸ். அது உருக 90 ஆம்பியர் வரை தேவைப்படும். அதே கம்பி கொட்டகை வரை சென்று தாங்கக்கூடியதோ 11 ஆம்பியர். எங்கள் வீட்டில் பியூஸ் கம்பி உருகாமல் கொட்டகை எரிந்ததன் காரணம் இதுவே. மோட்டார் திணறி 25 ஆம்பியர் இழுத்தபோது, கம்பியில் இருக்கத்தக்கதைப் போல் ஐந்து மடங்கு வெப்பம் உண்டாயிற்று. பியூஸோ அதை ஒரு பொருட்டாகவே கருதவில்லை.

பியூஸ் அடிக்கடி உருகினால்

பியூஸ் உருகுவது குறையன்று, எச்சரிக்கை. இரண்டாம் முறையும் உருகினால் காரணத்தைத் தேட வேண்டும். அந்த மின்சுற்றில் உள்ள எல்லாச் சாதனங்களையும் நிறுத்திவிட்டுப் புதிய பியூஸ் போடுங்கள். உடனே உருகினால் கம்பியிலேயே பழுது உள்ளது. உருகாவிடில் சாதனங்களை ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட சாதனத்தை இயக்கியவுடன் உருகினால் பழுது அச்சாதனத்தில் இருக்கலாம். பல சாதனங்கள் சேர்ந்து ஓடும்போது மட்டும் உருகினால் பளு மிகுதி என்று பொருள். அப்போது செய்ய வேண்டியது தனிக் கம்பி இழுப்பதே தவிர, பியூஸைப் பருமனாக்குவது அன்று. அதேபோல், அடிக்கடி விழும் எம்.சி.பி.யை எடுத்துவிட்டுப் பெரிய அளவில் ஒன்றை மாட்டுவதும் அதே தவறேயாகும்.

தொலைவும் கணக்கில் சேரும்

வாய்க்காலில் மதகடியில் பாயும் நீர் கடைமடைக்கு அதே அளவில் போய்ச் சேர்வதில்லை. மின்னழுத்தமும் அப்படியே. கம்பி நீளும்போது அழுத்தம் குறைந்துகொண்டே போகும். செப்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மீட்டர் தொலைவு சென்று திரும்புவதில் ஏற்படும் அழுத்தக் குறைவு 1.5 ச.மி.மீ. கம்பியில் 0.029 வோல்ட்; 2.5 ச.மி.மீ. கம்பியில் 0.018 வோல்ட், 4 ச.மி.மீ. கம்பியில் 0.011 வோல்ட் ஆகும்.

அறுபது மீட்டர் தொலைவில் 12 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரைக் கொள்வோம். 1.5 ச.மி.மீ. கம்பியில் 12 x 60 x 0.029, அதாவது ஏறத்தாழ 21 வோல்ட் குறைந்துவிடும். 230 வோல்ட்டுக்குப் பதிலாக மோட்டாருக்குக் கிடைப்பது 209 வோல்ட்டே. 4 ச.மி.மீ. கம்பியாயின் 8 வோல்ட் மட்டுமே குறையும். மோட்டார் கிளம்பும் நேரத்தில் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுப்பதால் குறைவும் அந்த அளவுக்குப் பெருகும். மோட்டார் கிளம்பாமல் உறுமும். சுருள் சூடேறிக் கருகும். ஆகவே நெடுந்தொலைவுக்குக் கம்பி தேர்ந்தெடுக்கும்போது, தாங்கும் அளவு போதுமானதாக இருந்தாலும் பருமனைக் கூட்டுவதே சிறந்தது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு வீட்டில் சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு, மிக்சி, குளிர்பதனப் பெட்டி ஆகியவை உள்ளன என்று கொள்வோம். மூன்றும் சேர்ந்து 2,950 வாட். 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 13 ஆம்பியர். இதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் 2.5 ச.மி.மீ. கம்பியும் பொருத்தம். குளியலறைக் கீசருக்குத் தனியே 2.5 ச.மி.மீ. கம்பியும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் வேண்டும். விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் 1.5 ச.மி.மீ. கம்பியும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யும் போதும்.

அறுபது மீட்டர் தள்ளியுள்ள கொட்டகையின் 2 குதிரைத் திறன் மோட்டாருக்கு 4 ச.மி.மீ. கம்பி இழுத்து, 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. பொருத்தலாம். மோட்டார் கிளம்பும்போது கணநேரம் இழுக்கும் கூடுதல் மின்னோட்டத்தை 'சி' வகை பொறுத்துக்கொள்ளும். கம்பி 27 ஆம்பியர் தாங்கும் என்பதற்காக 25 ஆம்பியர் எம்.சி.பி. போட வேண்டியதில்லை. மோட்டாருக்கு 16 ஆம்பியர் போதும் என்றால் அதுவே கூடுதல் பாதுகாப்பு. எங்கள் புதிய கொட்டகையில் இந்த அமைப்பே உள்ளது. கூரையையும் கீற்றுக்குப் பதில் தகரமாக மாற்றினோம்.

பியூஸ் மனிதரைக் காப்பதில்லை

ஒரு செய்தியை இங்கு வலியுறுத்திக் கூற வேண்டும். மனித உடலில் ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் பாய்ந்தாலே உயிர் போகலாம். 5 ஆம்பியர் பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. மின்சாரம் தாக்குவதிலிருந்து மனிதரையும் மாடுகளையும் காக்க, நல்ல எர்த் இணைப்பும் 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுக் காப்புக் கருவியும் வேண்டும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திச் சரிபார்த்துக் கொள்ள வேண்டும். எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. ஆகிய இரண்டும் தேவை. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பியூஸ் போடுமுன் மெயின் சுவிட்சை அணைக்கவும். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் தொடக் கூடாது.

2. கட்டுக் கம்பி, வீட்டுக் கம்பித் துண்டு, முறுக்கிய பல இழைகள் ஆகியவற்றைப் பியூஸாகப் பயன்படுத்தலாகாது. உரிய பியூஸ் கம்பிச் சுருளைப் பலகைக்கு அருகிலேயே வைத்திருந்தால் இரவு நேரத்தில் கைக்குக் கிடைத்ததைப் போட வேண்டிய நிலை வராது.

3. பியூஸும் எம்.சி.பி.யும் பேஸ் கம்பியிலேயே இருக்க வேண்டும். நியூட்ரலில் தனியே பியூஸ் இருந்து அது உருகினால், விளக்கு அணைந்திருக்கும். ஆனால் கம்பியில் மின்சாரம் இருக்கும். பழைய பலகைகளில் இவ்வாறு இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

4. ஐ.எஸ். 694 என்ற தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ள கம்பிகளையே வாங்க வேண்டும்.

5. கூரைக் கீற்றுக்குள்ளும் வைக்கோல் போருக்கு அருகிலும் கம்பியில் இணைப்பு முடிச்சுப் போடக் கூடாது. தளர்ந்த இணைப்பு, பளு குறைவாக இருக்கும்போதும் கனன்று தீயை மூட்டவல்லது.

6. சுவிட்ச், பிளக் ஆகியவை தொட்டால் சுடுவது, பலகையில் கருமை படிவது, கருகும் வாடை ஆகியவை அபாய அறிகுறிகள். உடனே மெயினை அணைத்துப் பழுதைக் கண்டறிய வேண்டும்.

7. புதிய மோட்டார் அல்லது கீசர் வாங்குமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கூடுதல் பளுவைப் பதிவு செய்து, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு கம்பியை மாற்றிக் கொள்ள வேண்டும்.

உழவர் பெருமக்கள் இந்த இதழைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு முறை தம் வீட்டு மின்பலகையைச் சோதித்துப் பார்க்க வேண்டுகிறேன். மெயினை அணைத்து, பீஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். அதில் இருக்கும் கம்பி எவ்வளவு பருமன்? அதிலிருந்து புறப்படும் கம்பி எவ்வளவு பருமன்? இரண்டும் ஒன்றுபோல் தோன்றினால் அந்த மின்சுற்றுக்குக் காப்பு ஏதும் இல்லை என்று அறியுங்கள். சரியான பியூஸ் கம்பி சில ரூபாயில் கிடைக்கும். அதைப் போட்ட பின் பியூஸ் உருகினால் வருந்த வேண்டாம். எரிய வேண்டியது அதுதான், கொட்டகை அன்று.